நான் இல்லாத ஆல்பங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் என் மனைவி என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க யாரைப் பாக்கோணும்?" என்று கேட்டாள்.

நான் அவளுக்குக் காபி கொண்டுபோயிருந்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள். "அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. பொழுதோடதான் வருவாரு. நீங்க அப்பறமா வாங்க" என்றாள்.

அவளுக்கு வந்தது மூளைக்காய்ச்சல். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். அங்கே இருந்தவரைக்கும் நர்ஸ், டாக்டர், நான் எல்லோரும் அவளுக்கு ஒன்றுதான். யார் வந்தாலும் கையை நீட்டுவாள், மாத்திரையை விழுங்குவாள். வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மட்டும் ஸ்கேனைக் காட்டி, ஞாபகம் இருக்கிற இடத்தில்தான் காய்ச்சல் கை வைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். "பேச்சு இருக்கு, கை கால் இருக்கு, உயிர் இருக்கு. மத்ததை எதிர்பாக்காதீங்க" என்றார். மத்தது என்று அவர் சொன்னது நான்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. மரவள்ளிக் கிழங்கு மாவாகி, மாவு மணியாகி, மணி வறுபட்டுக் களத்தில் காய்வதுவரைக்கும் நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வருடம் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் ஒரு பழைய பிலிம் கேமரா வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற, லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா. முதல் பிலிமை முழுக்க ஜவ்வரிசிக் களத்திலேயே எடுத்தேன். கழுவி வந்தபோது களம் சாம்பல் கொட்டிய மாதிரி இருந்தது. வெள்ளையைக் கண்டால் கேமராவின் மீட்டர் மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாமாகக் கூட்டி வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு பிலிம் ஆயிற்று. அந்த நான்காவது பிலிமில் களம் வெள்ளையாக வந்தபோது கிடைத்த சந்தோஷம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது என்று சொன்னாலும் ஒரேயடியாக அதிலேயே இருந்தவன் இல்லை. ஆறு மாதம் பைத்தியமாக அலைவேன், இரண்டு வருடம் தொடவே மாட்டேன். மகள் பிறந்தபோது திரும்ப எடுத்தேன். கொஞ்ச நாளில் லென்ஸில் பூஞ்சை படர்ந்தது என்று கோபித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பிறகு கனமான இன்னொரு கேமரா வாங்கி மறுபடி ஆரம்பித்தேன். சேலத்தில் பிலிம் கழுவுகிற கடைகள் ஒவ்வொன்றாக அந்த வேலையை நிறுத்திய பிறகு படம் எடுப்பது நின்றுபோனது. அதன் பிறகும் பழைய கேமராக்களை வாங்கிப் பிரித்துத் துடைத்துத் திரும்ப மாட்டுவது விட்டு விட்டுத் தொடர்ந்தது. இப்போது ஏழு கேமரா இருக்கின்றன.

என் மனைவி இதையெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. நில் என்றால் நிற்பாள். வெயிலைப் பார் என்றால் பார்ப்பாள். அவளை நான் எடுத்த படங்கள் இரும்புப் பீரோவில் பதினோரு ஆல்பமாக இருக்கின்றன. கேமராவை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். விரல் லென்ஸில் பட்டுவிடும், கீழே போட்டுவிடுவார்கள் என்று பயம். சொந்தக்காரர்கள், "நீங்களும் வந்து நில்லுங்க, நான் அமுக்கறேன்" என்று கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அந்த ஆல்பங்கள்தான் முதலில் எங்களுக்கு நம்பிக்கை கொடுத்தன. பெங்களூரில் இருக்கிற மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளையும் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "எம்பொண்ணு ரெண்டாங் கிளாஸ் படிக்கறாளுங்க. உங்களாட்டமே மூக்கு" என்றாள். மகள் அழுகையை அடக்கிக்கொண்டு முதல் ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். தொட்டிலில் கிடக்கிற குழந்தை, மொட்டையடித்த குழந்தை, பள்ளிக்கூட யூனிபார்ம், பூப்புச் சீர், பத்தாம் வகுப்பு, கல்லூரி, கல்யாணம். விட்டு விட்டு எடுத்தாலும் அவளுடைய முக்கியமான நாள் ஒன்றைக்கூட நான் விட்டிருக்கவில்லை. மத்தியானம் ஆரம்பித்தவர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். என் மனைவி கடைசிப் படத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நீயா சாமி? இத்தனை பெருசாயிட்டியா?" என்று மகளின் கன்னத்தைப் பிடித்தாள்.

மறுநாள் மறுபடி மறந்துவிட்டது. ஆனால் ஆல்பத்தை எடுத்ததும் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வாரத்தில் ஆல்பம் இல்லாமலே மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அப்பா, இதே மாதிரி உங்களையும் காட்டலாம்" என்றாள் மகள்.

அன்று சாயங்காலம் நான் ஆல்பங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். தனியாகக் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. தலை நிறைய முடி, தடித்த மீசை, இருபத்தாறு வயது. அதைக் காட்டினால் என் மனைவி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இதுதாங்க எங்க ஊட்டுக்காரரு." அதன் பிறகு நான் இருப்பது போனில் எடுத்த படங்களில்தான். அதற்குள் தலை வழுக்கை, மூக்குக் கண்ணாடி, தொங்கின கன்னம். நடுவில் இருபது வருடம் நான் எங்குமே இல்லை. பதினோரு ஆல்பத்தில் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

இருந்தேன், ஒரு விதத்தில். மகள் நடக்கப் பழகுகிற படத்தில் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிற ஒரு கை என்னுடையது. கோயில் வாசலில் மனைவி நிற்கிற படத்தில் அவள் காலடி வரைக்கும் நீண்டு கிடக்கிற நிழல் என்னுடையது. நான் அந்த நிழலைத் தொட்டுக் காட்டி, "இது நானுங்க" என்றேன். முப்பது வருடமாக வா போ என்று கூப்பிட்ட என் மனைவியிடம் இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டுப் பேச வேண்டியிருந்தது. போடாவிட்டால் பயந்துவிடுவாள்.

அவள் குனிந்து பார்த்தாள். "நெழலைப் பாத்து எப்படிங்க ஆளச் சொல்றது?" என்றாள் மரியாதையாக.

வாக்காளர் அட்டையைக் காட்டினேன். அதில் இருப்பது நான்தான் என்று எனக்கே சத்தியம் செய்ய முடியாது. "இவரப் போலீசு தேடுதாங்க?" என்று கேட்டாள். பழைய ரேஷன் கார்டில் படம் அழிந்து வெறும் மஞ்சளாக இருந்தது. ஆலையில் கொடுத்த அட்டையை வருடா வருடம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்தேன். ஆட்டையாம்பட்டியில் இருக்கிற என் அக்கா, தன் மகன் காதுகுத்து வீடியோ கேசட்டில் நான் சாப்பாடு பரிமாறுவது இருக்கும் என்றாள். பஸ் ஏறிப் போனேன். கேசட்டைத் திறந்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. அக்கா அவர்கள் வீட்டு ஆல்பத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அதில் இருந்த படங்களும் நான் எடுத்துக் கொடுத்தவைதான்.

மகள் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மருமகனும் எத்தனை நாள் தனியாகச் சமாளிப்பார்? அவள் போன பிறகு வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். சமைக்க வருகிற பக்கத்து வீட்டு அம்மா இருக்கும்வரை ஒன்றும் இல்லை. அவர் கிளம்பியதும் என் மனைவி உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். ஒருநாள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "ஊட்டுக்குள்ள ஒரு ஆம்பளையாளு நிக்கறாருங்க, யாராச்சும் வாங்களே" என்று கத்தினாள். தெருவே வந்துவிட்டது. எல்லோருக்கும் என்னைத் தெரியும். "அக்கா, உங்க ஊட்டுக்காரருதான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சலூனுக்குப் போய் மீசைக்குக் கருப்புச் சாயம் அடித்துக்கொண்டேன். தலைக்கு ஒட்டு முடி வாடகைக்குக் கிடைக்குமா என்று நாடக சாமான் கடையில் கேட்டு வாங்கினேன். கல்யாணப் படத்தில் இருப்பது போல வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். மறு நொடி பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து மகளுக்குப் போன் பேசுவது கேட்டது.

"கண்ணு, ஒருத்தரு அப்பனாட்டவே வேசம் போட்டுக்கிட்டு வந்து நிக்கறாரு. எனக்குப் பயமா இருக்குது. அப்பனுக்கு என்னமோ ஆயிப்போச்சு சாமி. அப்பன் எங்கே?"

ஒட்டு முடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சாகலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. அதைவிட மோசமாக, அவள் ஆஸ்பத்திரியிலேயே போயிருந்தால் என்னை நினைத்துக்கொண்டே போயிருப்பாளே என்றும் தோன்றியது. அப்படி நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கழுவாத பிலிம்கள் இருக்கின்றன என்பது அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. விட்டு விட்டுச் செய்கிறவனுக்கு அப்படிச் சேர்ந்துவிடும். கேமராக்கள் இருந்த டப்பாவின் அடியில் ஐந்து உருளைகள். எதில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்தவன் நான்தான், அதில் நான் எப்படி இருப்பேன் என்று புத்தி சொல்லியது. கேட்கவில்லை. வெகுகாலமாகத் தொடாமல் கிடந்த கனமான கேமராவையும் எடுத்து, உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பின்கதவைத் திறந்துவிட்டேன். முப்பது வருடமாக இதைச் செய்யாதே என்று மற்றவர்களுக்குச் சொன்னவன். உள்ளே பிலிம் இருந்தது. பகல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. படாரென்று மூடினேன்.

கலர் பிலிமைக் கழுவ இங்கே ஆள் இல்லை. ஆனால் கலர் பிலிமையும் கருப்பு வெள்ளை மருந்தில் கழுவலாம். வண்ணம் வராது, உருவம் வரும். மருந்து சென்னையிலிருந்து கூரியரில் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் நான் வெளி அறையில் படுத்தேன். உங்களை யாரென்று சொல்வது என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டதற்கு, "அவரு அனுப்பிச்ச ஆளுன்னு சொல்லி வெச்சிருங்க" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு என் மனைவி கத்துவதை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் குளியலறையில் ஆரம்பித்தேன். வெளிச்சம் புகாத கருப்புத் துணிப்பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமல் பிலிமைச் சுருளில் ஏற்ற வேண்டும். வியர்த்த கையில் முதல் பிலிம் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், கிழிந்தது. இரண்டாவது பிலிமுக்கு அவசரத்தில் மருந்துகளை வரிசை மாற்றி ஊற்றிவிட்டேன். கண்ணாடி மாதிரி ஒன்றுமே இல்லாமல் வந்தது. அந்த வெற்றுப் பிலிமைக் கையில் பிடித்தபடி ஈரத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உள்ளறையிலிருந்து, "ஏனுங்க, விழுந்துட்டீங்களா?" என்று அவள் குரல் கேட்டது. "இல்லீங்க" என்றேன்.

மூன்றாவதில் ஜவ்வரிசிக் களம். நான்காவதிலும் ஜவ்வரிசிக் களம். ஐந்தாவதில் மகளின் பள்ளிக்கூட ஆண்டுவிழா. கடைசியாக, நான் திறந்து கெடுத்த கேமராவில் இருந்த பிலிம். பாதிக்கு மேல் கரியாகியிருந்தது. உள்ளே சுற்றியிருந்த முதல் சில படங்கள் மட்டும் தப்பியிருந்தன. காய்ந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் போனில் எடுத்து, நெகட்டிவின் கருப்பு வெள்ளையைத் திருப்பிப் பார்த்தேன். மேட்டூர் அணைப் பூங்கா. மகள் ஊஞ்சலில். என் அக்கா, மனைவி, மகள் மூன்று பேரும் படிக்கட்டில். அதற்கடுத்த படத்தில் ஒரு ஆண். கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும்தான். தலை இல்லை. கோடு போட்ட சட்டை, வலது கை நீட்டி எதையோ சொல்கிறான். சட்டத்தின் மேல் விளிம்பில் தாடையும், திறந்த வாயின் கீழ் உதடும் மட்டும் தெரிந்தன.

என் சட்டைதான். என் கைதான். யார் எடுத்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்கு மேகம் போட்டிருந்ததும், தண்ணீரின் பளபளப்பு அடங்கட்டும் என்று நான் காத்திருந்ததும் ஞாபகம் இருந்தது. இது இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்று, "இந்தப் படத்தச் சித்த பாருங்க" என்று நீட்டினேன். பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. தலையே இல்லாத படத்தில் என்னத்தைப் பார்க்கப்போகிறாள்?

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்ததும் வாயைப் பொத்தினாள்.

"இது நான் எடுத்ததுங்க" என்றாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பவும் எங்களையே எடுக்கறீங்களே, உங்கள நான் ஒண்ணு எடுக்கறேன்னு கேட்டேனுங்க. என்னமோ அன்னைக்குச் சரின்னு குடுத்தாரு. இப்படிப் புடி, அப்படிப் புடி, வெரலை அங்க வெக்காதேன்னு சொல்லீட்டே இருந்தாரு. அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் அமுக்கிப்போட்டேன்." படத்தில் நீட்டியிருந்த கையைத் தடவினாள். "வெடுக்குனு புடுங்கிட்டாருங்க. நங்கையா பக்கத்துல நிக்குது. உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம், தலை எங்கே கால் எங்கேன்னு தெரியாம, அப்படின்னாரு."

நங்கையா என்பது என் அக்கா. "அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் என்னுங்க. சேலம் வார வரைக்கும் பஸ்சுல ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தேன். அதோட அந்தக் கேமராவ நான் தொட்டதே இல்ல. அவரு நல்லவருங்க, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. கேமரா கைக்கு வந்தா மட்டும் வேற ஆளாயிருவாரு."

இருபது வருடத்துக்கு மேல் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்குத் தெரியாத ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்ற மகளையே மறந்து திரும்பக் கண்டுபிடித்தவளுக்கு இது மட்டும் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கிறது.

"தப்புங்க. அவரு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றேன். "நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்திருப்பாள். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க எதுக்குங்க கேக்கறீங்க? அவரு வரட்டும். அவரே கேக்கட்டும்" என்றாள். படத்தைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்காரரின் படத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சோறு போட்டால் சாப்பிடுகிறேன். அவள் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறாள். அவருக்கு ரசம் பிடிக்காது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பார், மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் பொறுக்க முடியாமல், "நான்தாண்டி அது" என்று கத்திவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வரும். அப்படி ஒருமுறை கத்தியும் விட்டேன். திரும்ப அவளை என் முன்னால் உட்கார வைக்கப் பதினைந்து நாள் ஆயிற்று.

போன வாரம் மாதாந்திரப் பரிசோதனைக்குச் சேலம் போனோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள், நடுவில் பையை வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ் ஒரு தாளில் விவரம் கேட்டு எழுதினாள். பேர், வயது, ஊர் எல்லாம் என் மனைவி சரியாகச் சொன்னாள்.

"கூட வந்திருக்கிறது யாரும்மா? உங்களுக்கு என்ன வேணும்?"

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரிஞ்சவருங்க" என்றாள்.

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினாள். போட்டேன்.